பக்கத்தில் ஒரு நல்ல பானை

அந்தப் பையன் அதைக் கேட்டது ஒரு பிப்ரவரி மாதம், பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தின வாரம். பாளையங்கோட்டையில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இயற்பியல் வகுப்பு. மத்தியானச் சாப்பாடு முடிந்து வருகிற முதல் பீரியட், பாதிப் பேருக்குக் கண் சொக்கிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக வரைவதைப்போல அன்றும் பலகையில் அணுக்கருவை வரைந்தேன். சிவப்புச் சாக்பீஸில் சில உருண்டைகள், வெள்ளையில் சில உருண்டைகள், எல்லாம் ஒட்டிக்கொண்டு திருவிழாக் கடைப் பொரி உருண்டை மாதிரி ஒரு பெரிய உருண்டை. கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது: “மேம், உள்ள போயி யாரும் பாத்ததில்லைல்லா? பெறகு உருண்டைன்னு எப்படி வரையுதிய?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, “சிலபஸ்ல இருக்கிறத மொதல்ல படில” என்று சொல்லிவிட்டேன். நம்ம பக்கத்தில் அணு என்ற வார்த்தை காதில் விழுந்தால் பேச்சு எப்படியும் கூடங்குளத்துக்குப் போய்விடும். அன்றும் போனது. உலை, கரண்ட், ராதாபுரத்து நிலம் என்று ஆளுக்கொன்று பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அவன் கேட்டது அப்படியே பலகையில் நின்றது. அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. பதில் ஒன்றும் இல்லாமல் இல்லை. 1911-ல் ரூதர்ஃபோர்டு கருவின் இருப்பைச் சொன்னார். 1950-களில் ஸ்டான்ஃபோர்டில் ஹாஃப்ஸ்டாட்டர் எலெக்ட்ரான்களை விரட்டி அடித்து, அவை சிதறுவதை வைத்துக் கருவின் அளவை அளந்தார், 1961-ல் நோபல் வாங்கினார். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முறைக்குத் தகடாகவோ வாயுவாகவோ கையில் பொருள் வேண்டும். தங்கம், கார்பன், கால்சியம் சரி. பிறந்த ஒரு வினாடிக்குள் சிதைந்து வேறு தனிமமாகிவிடுகிற அணுக்கருவுக்குத் தகடு எங்கே போய்ச் செய்வது? இயற்கையில் நிலையாக இருக்கும் அணுக்கருக்கள் 250 சொச்சம். ஆய்வகங்களில் உண்டாக்கிப் பார்த்தவை 3,000-க்கும் மேலே. அந்த 3,000 பேரையும் நான் ஒரே பொரி உருண்டையாகத்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

டார்க் ரூம்

எங்கள் ஆய்வகத்தின் மூலையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த ஒரு சின்ன அறை உண்டு. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்கள் எல்லாருக்கும் அந்த அறையின் வாசனைகூட ஞாபகம் இருக்கும். உள்ளே ஒரு சோடியம் விளக்கு, ஒரு பாதரச விளக்கு, ஒளியைப் பிரித்துக் கோடு கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டு. சோடியத்தின் மஞ்சள் கோடு உண்மையில் இரண்டு கோடு, 589.0 நானோமீட்டரும் 589.6-ம். அதைப் பிரித்துப் பார்ப்பதற்குள் பையன்களுக்குக் கழுத்து வலி வந்துவிடும். வெர்னியரைப் படிப்பதற்குள் கண்ணும் போய்விடும். ஆனால் அந்த இரண்டில் ஒவ்வொன்றும் இன்னும் பிளந்து கிடக்கிறது என்றும், அந்தப் பிளவு இந்த 0.6 நானோமீட்டர் இடைவெளியைவிட ஏறக்குறைய 300 மடங்கு நெருக்கமானது என்றும், அதற்குக் காரணம் கருவின் சுழற்சி என்றும் நாங்கள் சொல்வதில்லை. கோடு வந்ததா, அலைநீளம் கணக்குப் போட்டாயா, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினாயா, அவ்வளவுதான். நிறமாலை என்பது 1913-ல் நீல்ஸ் போரின் அணு மாதிரியோடு முடிந்துபோன கதை மாதிரி நடத்துகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கருவைப் பற்றிய சேதி எலெக்ட்ரானுக்கு எப்படித் தெரியும்? கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ஆச்சி வீடு நீளமான வீடு. வழிப்போக்கர்கள் திண்ணையோடு சரி. தெரிந்தவர்கள் தார்சா வரை, சொந்தக்காரர்கள் பட்டாசல் வரை வருவார்கள். பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா மட்டும் நேரே அடுப்படிக்குப் போவாள். வீட்டில் கல்யாணப் பேச்சோ கடன் தொல்லையோ, வெளியாட்களில் அவளுக்குத்தான் முதலில் தெரியும். எலெக்ட்ரான்களிலும் அப்படி ஒரு ரகம் உண்டு, எஸ் எலெக்ட்ரான் என்பார்கள். மற்றவை கருவை ஏறக்குறைய எட்டியே சுற்ற, எஸ் எலெக்ட்ரான் கருவுக்கு உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரும். கரு கொஞ்சம் பெருத்திருந்தால் அதற்குள் இருக்கும்போது உணருகிற இழுப்பு ஒரு துளி குறையும். அந்தத் துளி, அது வெளியிடுகிற அல்லது விழுங்குகிற ஒளியின் நிறத்தில் ஏறிவிடும். துளி என்றால் உண்மையிலேயே துளிதான். கருவை ஒரு புளியங்கொட்டை என்று வைத்து நெல்லையப்பர் கோயிலின் நடுவில் போட்டால், பாதரச அணுவின் வெளி விளிம்பு கோயில் மதிலை ஒட்டி வரும். அந்தப் புளியங்கொட்டை நூலளவு தடித்ததா என்பதை மதிலோரத்தில் நின்று சொல்ல வேண்டும்.

இவ்வளவும் எனக்குப் புத்தக அறிவாகத் தெரியும். ஆனாலும் ‘அதெப்படி உறுதியாகச் சொல்ல முடியும்’ என்ற அரிப்பு போகவில்லை. அணுவின் கணக்கு லேசுப்பட்டதல்ல. எண்பது எலெக்ட்ரான் இருக்கிற பாதரசத்தில் ஒரு கோடு எங்கே விழும் என்பதை, கருவின் அளவு தெரிகிற அளவுக்குத் துல்லியமாகக் கணக்கிட இன்றைக்கும் யாராலும் ஆகாது. அப்புறம் எந்த தைரியத்தில் பேசுகிறார்கள்?

காருகுறிச்சி

ஏப்ரலில் பானை வாங்கக் காருகுறிச்சிக்குப் போனேன். சேரன்மகாதேவி தாண்டினால் வந்துவிடும். ஃபிரிட்ஜ் தண்ணீர் தொண்டைக்கு ஆகவில்லை என்று அம்மா பிடிவாதம். சூளை பிரித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, முற்றம் முழுக்கப் பானைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் பெரிய மனுஷி மாதிரி ஒன்றைத் தூக்கி விரலை மடக்கித் தட்டினேன். நல்ல சத்தம்தான் வந்தது. இதைக் கொடுங்கள் அண்ணாச்சி என்றேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. “அத எடுக்காதிய டீச்சரம்மா, கீறலு இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை, கையில் எடுக்கவில்லை, எப்படித் தெரியும் என்றேன். அவர் பக்கத்தில் கிடந்த இன்னொரு பானையை என் காலடிக்கு உருட்டிவிட்டார். “ஒத்தையில தட்டுனா ஒண்ணுந் தெரியாதும்மா. எல்லாப் பானையும் ஒரு சத்தம் போடத்தான் செய்யும். பக்கத்துல ஒரு நல்ல பானைய வச்சுத் தட்டுங்க. ரெண்டையும் மாத்தி மாத்தி.” தட்டினேன். அவருடைய பானை கணீர் என்றது. என்னுடையது அதே கணீர்தான், ஆனால் கடைசியில் ஒரு மூக்கடைப்பு. மறுபடி தட்டினேன். மறுபடியும் அந்த மூக்கடைப்பு. தனியாகத் தட்டியபோது சத்தியமாக அது கேட்கவில்லை.

வெயிலில் இரண்டு பானைக்கு நடுவே குந்தி உட்கார்ந்து மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தவளை அந்த வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கோ இரண்டு மாதமாக அரித்தது சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஒரு ஐசோடோப்பின் கோடு எங்கே விழுகிறது என்பதை வைத்து இவர்கள் பேசுவதில்லை. ஒரே தனிமத்தின் இரண்டு ஐசோடோப்புகளை, அதாவது நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் மாறுகிற இரண்டு அணுக்களை, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடு எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் எடுக்கிறார்கள். எலெக்ட்ரான் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றேதான். அந்தப் பெருங்கணக்கின் மிகப் பெரும்பகுதி கழித்தலில் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது நிறையால் வருகிற நகர்வும் கருவின் அளவால் வருகிற நகர்வும். ஹீலியம், லித்தியம் மாதிரி லேசானவற்றில் முதலாவது பூதம் மாதிரி நின்று இரண்டாவதை மறைக்கும். பாதரசம் போன்ற கனமானவற்றில் கருவின் அளவுதான் ஆட்சி செய்கிறது. ஐசோடோப்பு நகர்வு என்ற அந்தப் பாடத்தை எம்.எஸ்ஸி.யில் நானே பதினைந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள்தான். ‘பக்கத்துல ஒரு நல்ல பானை’ என்று யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை.

பாதரசத்துக்கு அந்த நல்ல பானை 198, புரோட்டானும் நியூட்ரானும் சேர்த்து எண்ணினால் வருகிற எண். அதை வைத்துத்தான் மற்ற ஐசோடோப்புகளின் நகர்வை அளக்கிறார்கள். இங்கே ஒரு கிளைக்கதை. பொதிகைச் சித்தர்கள் ரசத்தைப் பொன்னாக்கினார்கள் என்று கேட்டு வளர்ந்த ஊர்க்காரி நான். 1940-களில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். தங்கத்தை நியூட்ரானால் அடித்துப் பாதரசம் 198 ஆக்கி, அந்த விளக்கின் பச்சைக் கோட்டை நீளத்துக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தார்கள். பொன்னைக் கொடுத்து ரசம் வாங்கியவர்களை நம்ம ஊர்ச் சித்தர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ.

நெல்லிக்காயும் கோவைக்காயும்

ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் ஐசோல்டே என்ற கூடம் 1967-லிருந்து இருக்கிறது. வாழ்நாள் குறைந்த அணுக்கருக்களை உண்டாக்கி, பிரித்து, கற்றையாக அனுப்புவதுதான் அதன் தொழில். பாதரசம் வேண்டுமென்றால் உருகிய ஈயத்தைப் புரோட்டான்களால் அடிப்பார்கள். ஈயக் கருக்கள் உடைந்து பலதும் பிறக்கும், அதில் பாதரசம் ஆவியாகி வெளியே வரும். 1972-ல் அங்கே எர்ன்ஸ்ட் ஓட்டனின் குழு பாதரச ஐசோடோப்புகளில் நியூட்ரானைக் குறைத்துக்கொண்டே கீழே இறங்கியது. அப்போது அவர்கள் கையில் இருந்தது லேசர்கூட இல்லை, பாதரச விளக்குதான். நியூட்ரான் குறையக் குறையக் கருவும் ஒழுங்காகச் சிறுத்துக்கொண்டே வந்தது. 187 வரை எல்லாம் சரி. 185-ல் வந்து கரு திடீரென்று ஊதிவிட்டது.

நியூட்ரானை எடுத்தால் சிறுக்க வேண்டியது ஏன் பெருக்கிறது? ஒரே அளவு மாவை உருண்டையாகப் பிடித்தால் ஓர் அளவு, நீட்டிப் பிடித்தால் மையத்திலிருந்து சராசரி தூரம் கூடிவிடும். அதாவது நெல்லிக்காயாக இருந்த கரு கோவைக்காயாகிவிட்டது. இத்தோடு நின்றிருந்தால், கீழே போனால் எல்லாம் கோவைக்காய் என்று முடித்திருப்பார்கள். 1977-ல் லேசரை வைத்து 184-ஐ அளந்தபோது அது மறுபடியும் ஏறக்குறைய உருண்டைப் பாதையிலேயே, ஒழுங்காகச் சிறுத்து வந்த அந்தப் பழைய வரிசையிலேயே, உட்கார்ந்திருந்தது. 186 உருண்டை, 185 நீளம், 184 உருண்டை, 183 நீளம். ஒரே ஒரு நியூட்ரான் வந்தால் ஒரு வடிவம், போனால் இன்னொரு வடிவம். அந்த வரைபடத்தை முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். கோலத்தில் கை தவறி இழுத்த மாதிரி மேலும் கீழுமாக ரம்பப் பல். 180 பேருக்கு மேல் இருக்கிற ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து போனதற்காக மொத்தக் கூட்டமும் உட்கார்ந்திருக்கிற வரிசையை மாற்றிப் போடுமா? போடுகிறது, அடுத்தவர் எழுந்து போனதும் பழைய வரிசைக்கே திரும்புகிறது.

அதற்குக் கீழே என்ன என்பது நாற்பது வருஷம் தொங்கலில் கிடந்தது. கீழே போகப் போகப் பிறக்கிற அணுக்கள் சொற்பம், ஆயுளும் குறைவு. 2018-ல் வெளியான ஐசோல்டே அளவீடுகள் 177 வரை போயின. 181, 183, 185 மூன்றும்தான் கோவைக்காய். 179-ம் 177-ம் நல்ல பிள்ளைகளாக மறுபடி உருண்டைக்கு வந்துவிட்டன. ஜப்பானின் கே சூப்பர் கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு இதற்கு விளக்கமும் தந்தது: இரண்டு வடிவத்துக்கும் ஆற்றல் ஏறக்குறைய சமம். தராசு முள் நடுவில் நின்று ஆடுகிற இடத்தில் ஒரு நியூட்ரானின் எடை போதும், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடும்.

இதில் என்னை உலுக்கியது வேறு ஒன்று. அந்த அளவீட்டில் லேசரை வைத்த கோடு 253.7 நானோமீட்டர், புற ஊதா. எங்கள் டார்க் ரூம் பாதரச விளக்கில் பச்சை, மஞ்சள், நீலம் எல்லாம் பார்க்கிறோம், இது மட்டும் தெரியாது. கண்ணுக்கும் எட்டாது, கண்ணாடியும் விடாது. ஆனால் பழைய ட்யூப் லைட்டுக்குள் பாதரச ஆவி வெளியிடுவதில் பெரும்பங்கு இதே கோடுதான். குழாயின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கி வெளிச்சமாக்கித் தருகிறது. எல்.இ.டி. வந்த பிறகும் எங்கள் வகுப்பில் அந்தப் பழைய குழாய் நாலு மாட்டியிருக்கிறது. அந்தப் பையன் கேள்வி கேட்டபோது பதில் அவன் தலைக்கு மேலேயே கிர்ரென்று எரிந்துகொண்டிருந்தது.

ஆளுக்கு முப்பதாயிரம்

நுட்பத்தைக் கொஞ்சமாவது சொல்லாமல் விட்டால் சக ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். பெரிய தொல்லை டாப்ளர் விளைவு. சூடான அணுக்கள் ஆளுக்கொரு வேகத்தில் ஓடும். நம்மை நோக்கி வருகிற ரயிலின் ஹாரன் ஒரு மாதிரியும் விலகிப் போகிறது வேறு மாதிரியும் கேட்பதுபோல, ஒவ்வொரு அணுவும் லேசரை ஒவ்வொரு நிறமாக உணரும். கோடு தீற்றலாகிப் போகும். அந்தத் தீற்றலுக்குள் நாம் தேடுகிற மூக்கடைப்பு காணாமல் போய்விடும்.

இதற்கு 1970-களின் நடுவில் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. அயனிகளை, அதாவது எலெக்ட்ரானை இழந்த அணுக்களை, குளிர வைப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் 30,000 முதல் 60,000 வோல்ட்டில் முடுக்கிவிடுகிறார்கள். ஒருத்தன் பையில் ஒரு ரூபாய், இன்னொருத்தன் பையில் இரண்டு ரூபாய் என்றால் ஒருத்தனைப்போல மற்றவன் இரண்டு மடங்கு பணக்காரன். இரண்டு பேருக்கும் ஆளுக்கு முப்பதாயிரம் கொடுத்துவிட்டால் யார் பெரியவன் என்று பேசுவதே வீண். ஆற்றலில் இருந்த வித்தியாசம் அப்படியே இருக்கும், வேகத்தில் தெரிகிற வித்தியாசம் சுருங்கிவிடும். லேசரை அந்தக் கற்றைக்கு இணையாகவே விடுகிறார்கள். நிறத்தை மாற்ற லேசரைத் திருக வேண்டிய அவசியமும் இல்லை. வோல்டேஜைச் சற்றுக் கூட்டிக் குறைத்தால் அயனியின் வேகம் மாறும், அது உணருகிற நிறமும் மாறும். தொல்லை கொடுத்த அதே டாப்ளரையே கைப்பிடியாக்கிவிட்டார்கள்.

அணுக்கள் மிகச் சொற்பமாக இருக்கும்போது வேறு வழி. இரண்டு மூன்று லேசர்களைப் படிக்கட்டாக அடுக்கி, சரியான நிறம் பட்ட அணுவிலிருந்து மட்டும் எலெக்ட்ரானைப் பிடுங்கி அயனியாக்கி இழுத்துக்கொள்வார்கள். 2018-ன் பாதரசத்துக்கு அந்த வழிதான். அணுக்கள் பிறந்து வருகிற சூடான குடுவைக்குள்ளேயே லேசரை விட்டார்கள். துல்லியம் கொஞ்சம் போகும், ஆனால் அணுக்கள் வீணாவது குறையும். மிகச் சொற்பமாக வந்தவற்றுக்கு, கடைசியில் அவை வெளியிடும் ஆல்ஃபா துகள்களை எண்ணினார்கள். பூமியில் இயற்கையாக இல்லாத நொபீலியத்தைக்கூட ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 2016-ல் இப்படி லேசரால் தொட்டுவிட்டார்கள். வினாடிக்குச் சில அணுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்குக் குறைந்த அரை ஆயுள். லித்தியம் 11 என்று ஒன்று உண்டு, அரை ஆயுள் 9 மில்லிவினாடிகூட இல்லை. இரண்டு நியூட்ரான்களை மேலங்கி மாதிரி வெளியே மிதக்கவிட்டுக்கொண்டு இருக்கும். அதைப் பற்றி எழுதினால் தனிப் பதிவாகிவிடும்.

அவன் கேட்டதற்கு

மறுபடி அந்தக் கடைசி பெஞ்சுக்கு வருகிறேன். உள்ளே போய் யாரும் பார்த்ததில்லை என்றான். சரிதான், 185 நீளமாக இருப்பதையும் யாரும் பார்க்கவில்லை. கருவின் சுழற்சி போதிய அளவு இருந்தால் கோட்டின் பிளவிலிருந்தே வடிவத்தைப் படித்துவிடலாம். 185-ன் சுழற்சி அரைதான், அதனால் அந்தக் கதவும் அடைத்துக் கிடக்கிறது. சராசரி ஆரத்தின் சதுரம் இவ்வளவு கூடியிருக்கிறது, நீண்டால்தான் அப்படிக் கூடும் என்ற யூகம்தான் அங்கே இருக்கிறது. வெறும் யூகம் என்று தள்ளவும் முடியாது. அதே 185-க்கு ஆற்றல் சற்றுக் கூடிய இன்னொரு நிலை உண்டு. சுழற்சி 13/2. அதை அளந்தால் உருண்டைப் பாதையில் போய் உட்காருகிறது. அதே 80 புரோட்டான், அதே 105 நியூட்ரான். ஒரு நிலையில் கோவைக்காய், ஒரு நிலையில் ஏறக்குறைய நெல்லிக்காய். பானையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பானை எடுக்கவில்லை, அதே பானைதான் வேறு சத்தம் போடுகிறது. உள்ளே போய்ப் பார்த்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்திருக்குமா தெரியவில்லை. கண் எத்தனை தடவை ஏமாற்றியிருக்கிறது.

பையன் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டான். இப்போது நான் பலகையில் உருண்டை வரைவதில்லை. இரண்டு செங்குத்துக் கோடு வரைந்து, நடுவில் இருக்கிற இடைவெளியைக் காட்டி அங்கிருந்து தொடங்குகிறேன். வகுப்பில் பாதிப் பேருக்கு இது புரியவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். உருண்டை எளிதாக இருந்தது.

காருகுறிச்சி அண்ணாச்சி கீறல் பானையைக் காசு வாங்காமல் கொடுத்துவிட்டார். எதுக்கு டீச்சரம்மா என்று இரண்டு தடவை கேட்டார், பாடம் நடத்த என்றேன், சிரித்தார். நல்ல பானை ஒன்றும் கூட வாங்கி, இரண்டையும் டார்க் ரூமில் பாதரச விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நல்லதில் சாக்பீஸால் 198 என்று எழுதினேன், கீறலில் 185. கீறலுக்கும் நீள்வதற்கும் சம்பந்தம் கிடையாது என்று ஒவ்வொரு வருஷமும் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்கிறேன். போன வாரம் லேப் அட்டெண்டர் வாசலில் தயங்கி நின்றார். வெயிலு தாங்கல மேடம், இந்த 185-ல தண்ணி ஊத்தி வைக்கட்டுமா என்றார்.

“ஊத்தாதிய அண்ணாச்சி, ஒழுகும். 198-ல ஊத்துங்க.”